மெடிக்கல் இர்பானாவும் மொட்டைமாடித் தேனீக்களும்

“சீட்டு எங்க?” என்று கையை நீட்டுகிறார் இர்பானா. எதிரே நிற்பவரிடம் டாக்டர் சீட்டு ஏது? சளிக்கு நாலு ஆன்டிபயாடிக் கேப்சூல் கேட்டு வந்த மனிதர். “சீட்டு இல்லாம அது கெடயாது. கஷாயம் வெச்சிக் குடி. கேக்கலன்னா டாக்டராண்ட போ” என்று நீட்டிய கையாலேயே வழியையும் காட்டிவிடுகிறார். செஞ்சி கடைவீதியில் வந்த வியாபாரத்தைத் தானே விரட்டும் மருந்துக் கடைக்காரர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். எனக்கும் ஒருநாள் இந்த மரியாதை கிடைத்தது.

முன்பெல்லாம் இப்படியா இருந்தார்? இரண்டாவது இருமல் வருவதற்குள் கேப்சூலைக் கவரில் போட்டுக் கையில் திணித்துவிடுவார். “இத போட்டா எதுவும் நிக்காது” என்பது அவருடைய முத்திரை வாக்கியம். வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. மூக்குக்கண்ணாடியை முக்காட்டின் மேல் ஏற்றிவைத்துக்கொண்டு கடை முழுக்கத் தேடுவார். நாம் எடுத்துச் சொன்னால், “தெரியும், தெரியும்” என்பார்.

கடைக்கு மேலே மொட்டைமாடியில், செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையைப் பார்த்தபடி அவருடைய தேனீப் பெட்டிகள் இருக்கின்றன. தேனீக்களைப் ‘பொண்ணுங்க’ என்றுதான் சொல்வார். “வேலைக்குப் போறது பூரா பொண்ணுங்க சார். ஆம்பளைங்க உள்ளயே குந்திக்கினு துன்னுதுங்க” என்று என் மனைவியைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொல்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

தர்பூசணி பூக்கும் பருவத்தில் பெட்டிகள் தொண்டூருக்குப் போகும். அங்கே வெற்றிவேல் என்ற இளைஞர் குத்தகை நிலத்தில் தர்பூசணி போடுகிறார். தேனீ சரியாக வந்து உட்காராவிட்டால் காய் ஒரு பக்கம் வீங்கி ஒரு பக்கம் சூம்பிவிடும். இந்தத் தடவை பெட்டிகளை அனுப்புவதாக இர்பானா கொடுத்த வாக்கை நம்பிப் பக்கத்து நிலத்தையும் சேர்த்துப் பிடித்து விதை ஊன்றியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெட்டியில் தேனீக்கள் சோர்ந்தன. வேறு யாராயிருந்தாலும் கொஞ்ச நாள் விட்டுப் பார்த்திருப்பார்கள். மருந்துக் கடைக்காரருக்குக் கை சும்மா இருக்குமா? ஆன்டிபயாடிக் கேப்சூலைப் பிரித்துச் சர்க்கரைப் பாகில் கலக்கி வைத்துவிட்டார். முன்னெச்சரிக்கையாக, நன்றாயிருந்த பெட்டிகளுக்கும் சேர்த்தே வைத்தார். “ஒரு கோர்ஸ் போட்டுட்டேன் சார்” என்று பெருமையாகச் சொன்னார். சில நாட்களில் பெட்டிகளின் வாசலில் தேனீக்கள் செத்து விழத் தொடங்கின. தொண்டூரில் கொடி படர்ந்துவிட்டது. வெற்றிவேலின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, இர்பானா எடுக்கவில்லை.

கடைசியில் தேனீ ஆராய்ச்சி செய்யும் பிருந்தா என்ற பெண்ணுக்குத்தான் போன் போட்டார். நான் கடையில் நின்றிருந்தேன். ஸ்பீக்கரில் பேச்சு கேட்டது. “அக்கா, தேனீ வயித்துல நல்ல பாக்டீரியா குடியிருக்குது. மகரந்தத்த செரிக்க வெக்கறதும் நோய அண்ட விடாம பாத்துக்கறதும் அதுங்கதான். அதுங்களயும் சேத்து காலி பண்ணிட்டீங்க. புதுசா பொறக்கற தேனீ வெறும் வயித்தோட வரும். மூத்த தேனீங்களோட பொழங்கிதான் அது ஒட்டிக்கும். மூத்ததுங்ககிட்டயே இல்லன்னா எங்கக்கா போவும்?”

இர்பானா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “மனுஷன் வயித்த பத்தி தெரியும் சார். பூச்சிக்கும் ஒரு வயிறு இருக்குதுன்னு தோணல பாரு” என்றார்.

அந்த நல்ல பாக்டீரியாவைத் திரும்ப ஒட்டவைக்க மருந்து படாத தேனீ வேண்டும். அது பனமலையில் இருந்தது. ஏரிக்கரை ஓரம் வீடுள்ள தைலம்மாளுக்கு முன்பு இவரே ஒரு பெட்டி கொடுத்திருந்தார். “ஒன் மாத்திர கீத்திர எதுவும் இந்தப் பக்கம் வரக்கூடாது. சரின்னா எடுத்துக்கோ” என்றார் தைலம்மாள். தேனீ மொய்த்த தேனடைச் சட்டங்களை வலைமூடிப் பெட்டியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தார் இர்பானா. ஆட்டோக்காரர் செஞ்சி வரும்வரை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டே ஓட்டினாராம்.

நோயாளிப் பெட்டி ஒவ்வொன்றின் மேலும் செய்தித்தாளை விரித்து, அதற்கு மேல் பனமலைக் கூட்டத்தில் ஒரு பங்கை வைத்தார். நேராகச் சேர்த்தால் வாசனை வேறென்று அடித்துக்கொள்ளும். தாளைக் கடித்துத் துளை போடுவதற்குள் வாசனை கலந்து, இரண்டும் ஒரே குடும்பமாகிவிடும். அப்புறம் இர்பானாவுக்குக் கடையில் மனம் ஓடவில்லை. தலைவலித் தைலம் கேட்டவரை நிற்க வைத்துவிட்டு மாடிக்கு ஓடுவார்.

ஒரு காலை வாசல்களில் காகிதத் துணுக்குகள் கிடந்தன. தேனீக்கள் தாளைக் கடித்துக் குதறி வெளியே தள்ளியிருந்தன. “சேந்துக்கிச்சிங்க!” என்று மாடிச் சுவரிலிருந்து கத்தினார். எதற்கென்று தெரியாமலேயே எதிர் டீக்கடை மாஸ்டர் கரண்டியைத் தூக்கிக் காட்டினார். அதன்பின் பிறந்த தேனீக்கள் துடிப்பாகப் பறந்தன. பெட்டிகள் தூக்க முடியாத கனம் கனத்தன. தொண்டூருக்கு அவை போய்ச் சேர்ந்தபோது பூ விரியத் தொடங்கியிருந்தது. மஞ்சள் பூக்களில் தேனீக்கள் இறங்குவதை நானும் போய்ப் பார்த்தேன். எலக்‌ஷனில் ஜெயித்தவர் மாதிரி இர்பானா வரப்பில் கையசைத்துக்கொண்டே நடந்தார். எனக்கு அன்று அப்படி ஒரு சந்தோஷம்.

போன வாரம் வெற்றிவேல் டிவிஎஸ்ஸில் ஒரு பழத்தைக் கட்டிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். கூடவே ஒரு தும்மல். “அக்கா, ரெண்டு கேப்சூல் குடேன்.”

“சீட்டு எங்க?”

வெற்றிவேல் சிரித்துவிட்டார். இர்பானா பழத்தை இரு கையாலும் மெல்ல உருட்டித் தடவிப் பார்த்தார். எங்கும் சூம்பவில்லை. முன்பக்கக் கண்ணாடி அலமாரியைத் திறந்து, கேப்சூல் டப்பாக்களைப் பின்னால் தள்ளிவிட்டுப் பழத்தை நடுவில் உட்கார வைத்தார். பிறகு, அது வெளியே தெரிகிறதா என்று பார்க்கத் தெருவில் இறங்கி நின்றார்.