டாக்டரிடம் காட்டாத ஃபைல்

குக்கரைத் தூக்கினாள், மணிக்கட்டு முறிந்துவிட்டது. குக்கரில் இருந்தது இரண்டே டம்ளர் அரிசி! போன மாதம் என் அக்கா ஜெயந்திக்கு நடந்தது இது.

தில்லை நகரில் எலும்பு டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தோம். அக்கா என் பையை எட்டிப் பார்த்தாள்.

“கிட்னிக் கல்லு ஃபைலை எதுக்குடா எடுத்துட்டு வந்தே? உள்ள காட்டிடாத. இன்னொரு டாக்டர்கிட்டயும் போறோம்னு தெரிஞ்சா கோச்சுக்குவாரு.”

கோபித்துக்கொள்ள டாக்டர் என்ன சம்பந்தியா?

உள்ளே போனோம். “வேற ஏதாவது ட்ரீட்மென்ட் எடுக்கறீங்களாம்மா?” என்று கேட்டார் டாக்டர்.

“இல்லீங்க டாக்டர்.”

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மூன்று வருடத்தில் நான்கு தடவை கல். ஒவ்வொரு தடவையும் ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனவன் நான்! அந்தக் கல் டாக்டரிடமும் இதே கதைதான் — எலும்பு வலியைப் பற்றி மூச்சு விடமாட்டாள். அவளாகவே மெடிக்கல் ஷாப்பில் கால்சியம் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தாள்.

நல்லவேளை, பையிலிருந்து துருத்திய ஃபைலை டாக்டர் பார்த்துவிட்டார். கேட்டு வாங்கிப் புரட்டினார்.

“ஒவ்வொரு ரிப்போர்ட்லயும் கால்சியம் அதிகம்னு ஸ்டார் போட்டிருக்கே... பார்க்கலையா?”

“அது எலும்புக்கு நல்லதுதானே டாக்டர்?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்தடுத்து டெஸ்ட், ஸ்கேன். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பாராதைராய்டு என்று அரிசி அளவில் நான்கு சுரப்பிகள் உண்டாம். ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்கவேண்டும் என்பது அவற்றின் பொறுப்பு. அக்காவுக்கு அதில் ஒன்று மொச்சைக்கொட்டை அளவுக்கு வீங்கி, எலும்பிலிருந்து கால்சியத்தை உறிஞ்சி ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கல், முறிவு, ஓயாத அசதி — எல்லாம் அதன் வேலை!

“வெளிநாட்டுல பெரும்பாலும் இதைச் சாதாரண ரத்த டெஸ்ட்லயே கண்டுபிடிச்சிடறாங்க. அப்போ அந்த ஆளுக்கு ஒரு வலிகூட இருக்காது. நம்ம ஊர்ல கல்லு, முறிவுன்னு ஆனப்புறம்தான் நிறைய பேர் வராங்க” என்றார் டாக்டர்.

வந்தால் மட்டும் போதுமா? வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா? பாதியை மறைத்துவிட்டு முழு வியாதியையும் கண்டுபிடி என்றால் அவர் என்ன ஜோசியரா?

வீங்கிய சுரப்பியை எடுக்கும் ஆபரேஷன் முடிந்துவிட்டது. எலும்பு மெல்லத் தேறுமாம். கல்லால் கெட்ட கிட்னி மட்டும் பழையபடி ஆவது சந்தேகம் என்கிறார்கள்.

அக்காவைத் திட்டியே இவ்வளவு எழுதிவிட்டேன். இரண்டு டாக்டரிடமும் கூடவே போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேனே... எனக்கு வாய் இல்லையா?