கூட்டுவதற்கு ஆள் இருக்கிற சைட்

1. சாவி கைக்கு வந்த நாள்

விருத்தாசலத்தில் ஒரு வீட்டு வேலையின் கடைசிக் கட்டத்தைக் காண்ட்ராக்டர் முதலாளி முழுப் பொறுப்பாக என்னிடம் கொடுத்த அன்று, முன்கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. பூட்டில் கோளாறு இல்லை. கதவுக்குப் பின்னால் டைல்ஸ் துண்டு, சுவரைக் கொத்திய காரை, பிவிசி பைப் நறுக்கு, ஒயர் தோல் எல்லாம் ஒற்றுமையாகக் குவிந்து கிடந்தன. அந்த ஒற்றுமையை அவற்றை உண்டாக்கியவர்களிடம் நான் பார்க்கவே இல்லை.

எங்கள் ஊர் பீங்கான் கம்பெனிகளில் உடைந்த சாமானுக்குக் கூட ஒரு மூலை உண்டு. கட்டட வேலையில் வழக்கம் வேறு. தன் வேலை முடிந்த அறையிலிருந்து, அடுத்த ஆள் வேலை செய்யப்போகும் அறைக்குத் தள்ளிவிட வேண்டும். அவர் அதற்கடுத்த அறைக்குத் தள்ளுவார். இப்படியே குப்பை வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்திருந்தது.

எலக்ட்ரீஷியன் மோகனைக் கேட்டேன்.

“கொத்துனது நான்தான் மேடம். ஆனா சுவரு கொத்தனார் கட்டுனது. காரை அவருதுதானே?”

பிளம்பர் அந்தோணி, “என்னோடது பைப்புங்க. நறுக்கிப் போட்டது பைப்பு கணக்குலயே வராதுங்க” என்றார்.

டைல்ஸ் மேஸ்திரி சேகர் நேரடியாகவே சொன்னார். “டைல்ஸ் ஒட்டத்தான் பேசுனோம், கூட்டறதுக்குப் பேசல. நீங்க லேடீஸ், உங்களுக்குத் தெரியாததா?”

என் அம்மா சித்தாள். அவர் கூட்டாத சைட் இந்தப் பக்கம் குறைவு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சிவில் படித்தது துடைப்பத்தை இன்னும் நேர்த்தியாகப் பிடிப்பதற்கு அல்ல என்றேன்.

“படிச்ச புள்ளைக்குக் கோவம் வருது பாருய்யா” என்று சேகர் சிரித்தார்.

முதலாளி சிரிக்கவில்லை. “வெள்ளிக்கிழமை வூட்டுக்காரம்மா வராங்க. வூடு சுத்தமா இருக்கணும். இல்லன்னா பழைய சூப்பர்வைசரையே கூப்டுக்கறேன். நீ ஆபீஸ்ல ஏசியில உக்காந்து பில்லு டைப் பண்ணு.”

சலுகை தருவது போல்தான் சொன்னார். சைட்டை விட்டே என்னை அனுப்புவதாகத்தான் எனக்குக் கேட்டது.

2. ஒரே அதட்டலில் நடந்த அதிசயம்

மூவரையும் நிற்க வைத்து, அவரவர் குப்பையை அவரவர் எடுக்க வேண்டும் என்று அதட்டினேன். வியாழக்கிழமை போய்ப் பார்த்தால் வீடு பளபளவென்று இருந்தது. என்மேல் எனக்கே மரியாதை கூடிவிட்டது.

வெள்ளிக்கிழமை மங்கலம்பேட்டையிலிருந்து வீட்டுக்காரர் ஷகிலா அக்கா வந்தார். அவர் கணவர் வளைகுடாவில் கட்டடக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவருக்கு வீடியோ காலில் ஒவ்வொரு அறையாகக் காட்டிக்கொண்டு வந்தவர், குளியலறைக் குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது. போகவில்லை.

“என்னம்மா இது, குளிக்கற ரூமா, மீன் தொட்டியா?”

தரையில் தண்ணீர் இறங்கும் நஹானி ட்ராப்பின் மூடியைத் தூக்கினேன். உள்ளே கெட்டியாக அடைத்திருந்தது. பெரிய துண்டுகளைப் பக்கத்துக் காலி மனையில் வீசிவிட்டு, மிச்சத்தை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி இதற்குள் தள்ளியிருக்கிறார்கள். என் அதட்டலுக்குக் கிடைத்த மரியாதை அதுதான்.

மூவரும் எட்டிப் பார்த்தார்கள்.

“ஒயர் தோலு கெடக்குது” என்றார் அந்தோணி.

“பைப்பு சீவலு தெரியுது” என்றார் மோகன்.

“சிமெண்டுப் பாலு கட்டியிருக்குது” என்றார்கள் இருவரும், சேகரைப் பார்த்து.

அடுத்தவன் குப்பையை அடையாளம் சொல்வதில் மூவருக்கும் நல்ல கண். தன்னுடையது மட்டும் எவருக்கும் தெரியவில்லை.

3. சித்தாள் இல்லாத குளியலறை

முதலாளி அலட்டிக்கொள்ளவில்லை. “செல்வி, கையை வுட்டு எடும்மா.”

சித்தாள் செல்வி அக்கா புடவையைச் செருகிக்கொண்டு குந்தினார். “வுடு பாப்பா, நானே எடுத்துடறேன். எதுக்கு வம்பு?”

“எழுந்திரிங்கக்கா. காம்பவுண்டு சுவருக்குத் தண்ணி அடிங்க, போங்க. இது உங்க வேலை இல்ல.”

“நான் சொல்லிட்டிருக்கேன்ல?” என்றார் முதலாளி.

“பழைய சூப்பர்வைசரையே கூப்டுக்கங்க சார். இதுக்குள்ள செல்வி அக்கா கை போவாது.”

சொல்லி முடித்ததும் ஆபீஸ் ஏசிக் குளிர் எனக்கு அங்கேயே அடித்தது. செல்வி அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

அப்போது ஷகிலா அக்காவின் செல்போனிலிருந்து அவர் கணவர் குரல் கொடுத்தார். “அது மோகன் தானே? நம்ம கேம்ப்ல இருந்த ஆளா? ஏம்ப்பா, இங்க சாயந்தரமானா தொடப்பமும் கையுமா நிப்பியே!”

மோகன் நெளிந்தார். “அங்க கூட்டலன்னா மறுநாளு கேட்டுக்குள்ள வுட மாட்டான் பாய்.”

“அப்ப இங்க?” என்றேன்.

“இங்கதான் செல்வி அக்கா இருக்காங்களே மேடம்.”

கள்ளமில்லாமல்தான் சொன்னார். ஆனால் செல்வி அக்கா அங்கே இல்லை. ஷகிலா அக்கா ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “தண்ணி எறங்குனாதான் சாவி வாங்குவேன்” என்றார்.

முதலாளிக்கு வேறு வழியில்லை. சேகர் தான் ஒட்டிய டைல்ஸைத் தானே வெட்டினார். அந்தோணி ட்ராப்பைக் கழற்றினார். மோகன் முழங்கை வரை உள்ளே விட்டார். முதலாளி போனை ஸ்பீக்கரில் போட்டுப் பழைய சூப்பர்வைசரைக் கூப்பிட்டார், நான் கேட்க வேண்டும் என்றே.

“வந்து சைட்டைப் பாத்துக்கறியா?”

“அங்க யாரு சார் கூட்டறது?”

“இப்ப… அவனவனே எடுக்கறான்.”

“அய்யோ, நான் சொன்னா எவனும் கேக்க மாட்டான் சார். அந்தப் பொண்ணே இருக்கட்டும்.”

மறுநாள் தண்ணீர் இறங்கியது, சாவியும் கைமாறியது. அந்தப் பொண்ணே இருக்கிறேன்.

சைட்டுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளே, குப்பை யாருடையது என்று விசாரணை நடத்தி வீணாகாதீர்கள். அது எல்லோருக்கும் தெரியும். யாரை நம்பி அதைக் கீழே போடுகிறார்கள் என்று பாருங்கள். அந்த ஆளுக்கு முதலில் வேறு வேலை கொடுங்கள்.