தங்கைக்கு எழுதிய வீடு

எங்கள் ஊர் ராமநாதபுரம் கடற்கரையில் இருந்தது. பனையும் உடைமரமும் தவிர அந்த மண்ணில் அதிகம் விளையாது. ஆண்களில் பாதிப் பேர் கடலுக்குப் போவார்கள், மீதிப் பேர் கொழும்பிலோ சவூதியிலோ இருப்பார்கள். எப்போதும் ஊரில் இருப்பது பெண்கள்தான். அதனாலோ என்னவோ, வீடுகள் மகள்களுக்கே போகும். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து தங்குவார். எங்கள் வீடு மூத்தவளான எனக்குத்தான் என்று வாப்பா சொல்லக் கேட்டே வளர்ந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் செய்யும் குடும்பத்திலிருந்து சம்பந்தம் வந்தது. வாப்பாவுக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆனால் அவர்கள் வழக்கம் வேறு. நான்தான் திண்டுக்கல் நாகல் நகரில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

கணவர் 'அத்தா' என்று அழைக்கும் என் மாமனார் கட்டிய அந்த வீட்டின் சன்னல்கள் எல்லாம் உள்முற்றத்தையே பார்த்திருந்தன. ஊரில் கடற்கரை வரை தனியாக நடந்தவள், இங்கே தெருமுனைக் கடைக்குக்கூடத் துணை இல்லாமல் போக முடியாது. உம்மா கொடுத்தனுப்பிய கருவாட்டைப் பொரித்தால் மாமியார் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

"வீடே நாறுது புள்ள, மூடி வையி."

பின்கட்டில் உப்புத் தடவிய ஆட்டுத்தோல் குவிந்து கிடக்கும். அந்த நாற்றம் மட்டும் அவருக்குத் தெரிந்ததே இல்லை.

மாதம் ஒருமுறையாவது, ஊருக்குப் போய்வரட்டுமா என்று மாமியாரிடம் கேட்பேன். "பெருநா கழியட்டும்" என்பார். பெருநாள் கழிந்தால் வேறொன்று வரும். நமக்கென்று அங்கே ஒரு வீடு இருக்கிறது என்ற நினைப்பில்தான் நாளைத் தள்ளினேன்.

இரண்டாம் வருஷம் வாப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. தங்கைக்கு உள்ளூரிலேயே மாப்பிள்ளை அமைந்துவிட்டதாம். 'நீதான் அங்கே போய்விட்டாயே, வீட்டை அவள் பேருக்கு எழுதிவிட்டேன்' என்றிருந்தார்.

கடிதத்தைக் கணவரிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "இதுக்கு ஏன் அழுவுறே? இந்த வீட்டுல ஒனக்கு என்ன கொறச்சல்?" என்றார்.

"இது ஒங்க அத்தா வீடு. அது என் தங்கச்சி வீடு. நாளைக்கு ஒங்களோட ஒரு சண்டைன்னா நான் எங்க போவேன்?"

அவர் கடிதத்தை மறுபடியும் படித்தார். அன்று சாயங்காலமே மாமியாரிடம், "கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே இவளக் கூட்டிட்டுப் போறேம்மா" என்று சொன்னது அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்டது.

போனோம். தங்கை கதவைத் திறந்து, "வாங்க ராத்தா" என்றாள். அதுவரை என்னை அவள் வா, போ என்றுதான் பேசியிருக்கிறாள். என் பெட்டியை வாங்கிக்கொண்டுபோய், விருந்தாளிகள் தங்கும் முன்னறையில் வைத்தாள். உம்மா அங்கேயே எங்களுக்குப் பாயை விரித்தார்.

கல்யாணம் முடிந்த மறுநாள், யாரும் என்னைக் கிளப்புவதற்கு முன்பே, நானே பெட்டியைக் கட்டிக்கொண்டு கணவரோடு திண்டுக்கல் பஸ் ஏறினேன்.