வியாழக்கிழமை சிலிண்டர்

கஸ்டமர் கேர் பிள்ளைகள் பார்த்துப் படிக்கிற ஸ்கிரிப்டை எழுதியவரே, நீங்கள் உங்கள் வேலையைச் செய்யவில்லை. மிக்ஸிக்கு எழுதியதையே மூச்சு மிஷினுக்கும் ஒட்டிவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். இரண்டுமே உங்கள் கம்பெனிச் சரக்குதான். எங்கள் மிக்ஸி நின்றபோதும் இதே வார்த்தைகளைத்தான் கேட்டேன்.

என் மனைவிக்கு நுரையீரல் கெட்டுப்போய்விட்டது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மிஷின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் அவள் மூக்குக்குப் போகும். நாங்கள் குடியிருக்கிற தேஹு ரோட்டில் வியாழக்கிழமைதோறும் லைனில் வேலை இருக்கிறது என்று கரண்டை நிறுத்துவார்கள். அதற்காக ஒரு சிலிண்டர் வாங்கி வைத்திருக்கிறோம். வியாழன் காலையில் அதைக் கட்டிலருகே உருட்டி வருவேன். கரண்ட் வந்ததும் கதவுக்குப் பின்னால் தள்ளி, பழைய பெட்ஷீட் போட்டு மூடிவிடுவேன். எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே வியாழக்கிழமை சிலிண்டர்.

மிஷின் கெட்டது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். மஞ்சள் விளக்கு எரிந்து கூவ ஆரம்பித்தது. குழாயில் காற்று குறைந்துவிட்டது. அவள் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி முன்னால் குனிந்தாள். அப்படி உட்கார்ந்தால் மூச்சு போதவில்லை என்று அர்த்தம்.

கம்பெனி நம்பரை அடித்து, பாட்டுக் கேட்டு, சொன்ன பட்டனையெல்லாம் அழுத்தியபிறகு ஒரு பெண் வந்தாள். இந்தியில்தான் பேசினோம். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தேன்.

"உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது சார். மிஷினை அணைத்துச் சிறிது நேரம் கழித்து மறுபடி போடுங்கள்."

"அணைத்தால் என் மனைவி எதில் மூச்சு விடுவாள்?"

"புரிகிறது சார். மிஷினை அணைத்து..."

"உனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை."

"அணைத்துப் பார்த்தேன் என்று நீங்கள் சொன்னால்தான் எனக்குக் கம்ப்யூட்டரில் அடுத்த பக்கம் திறக்கும் சார். அதில்தான் மெக்கானிக்கை அனுப்ப முடியும்."

கத்தினேன். நான் வேலை பார்த்த டிப்போவில் லாரிக்காரர்களிடம் கத்திப் பழகிய தொண்டை. மனைவி தலையைத் தூக்கினாள்.

"அந்தப் பிள்ளைகிட்ட ஏன் சத்தம் போடுதீய?" சொல்லுக்குச் சொல் நின்று நின்று கேட்டாள். "ஒங்களுக்கு மூச்சு நெறையக் கெடக்குன்னு காட்டுதீயளாக்கும்."

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த இளைப்பு காதில் விழுந்திருக்கும். பிறகு வேறு குரலில், வீட்டில் பேசுகிற மாதிரி கேட்டாள்: "அங்கிள், வீட்டுல வேற ஆக்ஸிஜன் எதுவும் இருக்கா?"

இருந்தது. கதவுக்குப் பின்னால்தான் நின்றது. அது வியாழக்கிழமைக்கு உரியது, அன்று செவ்வாய். பயந்துபோன என் புத்திக்கு அவள் கேட்கும்வரை அது எட்டவே இல்லை. இருக்கிறது என்றேன்.

"அதை மாட்டுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

பெட்ஷீட்டை உருவிவிட்டுச் சிலிண்டரை உருட்டி வந்து, ஸ்பானரைத் தேடி எடுத்தேன். லைனில் சத்தம் இல்லாமல் போனால் அந்தப் பிள்ளைகளுக்கு மார்க் குறைப்பார்களாம். வாகட் என்கிற பக்கத்து ஊரில் இதே கஸ்டமர் கேர் வேலை பார்க்கிற பக்கத்து வீட்டுப் பெண் பிறகு சொன்னாள். அதனால் போனில் இருந்தவள் பேசிக்கொண்டே இருந்தாள். எழுதிக் கொடுத்ததைத்தான் பேசினாள். "காத்திருப்பதற்கு நன்றி. உங்களுடைய ஒவ்வொரு அழைப்பும் எங்களுக்கு மிகவும் முக்கியம்." முதலில் வழக்கமான வேகம். அப்புறம் மெதுவாக. இன்னும் மெதுவாக.

நான் சிலிண்டரைத் திறந்து, குழாயோடு திரும்பினேன். மனைவியின் விரல் போர்வையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. சர்ச் பாடகர் குழுவைப் பழக்கிய விரல். "காத்திருப்பதற்கு நன்றி" என்றதும் மூச்சை இழுத்தாள். அடுத்த நீள வாக்கியம் முழுக்க உதட்டைக் குவித்து மூச்சை வெளியே விட்டாள். அவள் விட்டு முடிக்கும்வரை போனில் அந்தப் பெண் பொறுத்திருந்து, பிறகுதான் மறுபடி ஆரம்பித்தாள். ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரியாது. பாஷை தெரியாது. நான் குழாயை மாட்டியபிறகும் இருவரும் நிறுத்தவில்லை.

ஒவ்வொரு அழைப்பும் முக்கியம் என்கிற அந்த வாக்கியத்தைக் கேட்டு எத்தனையோ முறை கெட்ட வார்த்தை சொல்லியிருக்கிறேன். அது பொய். அன்றைக்கு அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு என் மனைவி கரையேறினாள். சர்ச்சில் முழங்கால் போட்டபோதுகூட எனக்கு உடம்பு அப்படிச் சிலிர்த்ததில்லை. ஸ்பானரோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "மிஷினை அணைத்துவிட்டேன்," என்றேன். அவளுக்கு அடுத்த பக்கம் திறந்தது. சாயங்காலம் மெக்கானிக் வந்து சரிசெய்தான்.

"எந்த ஊர்ப் பிள்ளையோ," என்றாள் மனைவி. "தாளம் தப்பல. ஒங்களுக்குத்தான் கடைசி வரைக்கும் வரல."

மறுநாள் கம்பெனியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். நேற்றுப் பேசியவர் எழுதிக் கொடுத்தபடி மட்டும்தான் பேசினாரா, ஆமாவா இல்லையா என்று கேட்டார்.

"ரொம்ப நன்றாகப் பேசினாள்."

"ஆமாவா, இல்லையா சார்?"

"ஆமா," என்று பொய் சொன்னேன். அவள் கேட்ட அந்த ஒரு கேள்வி உங்கள் ஸ்கிரிப்டில் கிடையாது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் பயத்தில் மறந்தேன். பயந்தவன் மறப்பான், அதற்காகத்தானே எழுதி வைக்கிறீர்கள்? நீங்கள் பயமில்லாமல் ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதினீர்கள். "வீட்டில் வேறு ஆக்ஸிஜன் இருக்கிறதா?" என்பது ஏன் முதல் வரியாக இல்லை? அதைக் கேட்பதற்கு ஒரு பிள்ளை ஏன் தன் வேலையைப் பணயம் வைக்க வேண்டும்? எனக்குப் போன் செய்ய வேண்டாம், மெசேஜும் வேண்டாம். பேப்பரில் முழுப் பக்கத்துக்கு விளம்பரம் போடுகிறீர்களே, அதே பக்கத்தில் உங்கள் பெயரைப் போட்டு, ஊர் படிக்கப் பதில் சொல்லுங்கள்.