எட்டாம் நம்பர், வலது கால்

இணையக் கடை அமைத்துக் கொடுப்பவரின் வேலையே, வாங்க வருகிறவர் எதையும் தொடாமல் விட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு முன்னால் கவலைப்படுவதுதான். கலர், சைஸ் என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஏதாவது ஒன்றில் ஏற்கெனவே டிக் விழுந்திருக்கும். அதற்கு டீஃபால்ட் என்று பெயர். அதைப் போட்டு வைத்த பாவி என்னைப் போல் எங்கேயோ ஒரு மாடி அறையில் உட்கார்ந்திருப்பாள். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வாங்குகிறவர் அதைத் தொடவே மாட்டார்.

2007 வாக்கில் ஆம்பூரில் ஜமீல் பாய்க்கு அப்படி ஒரு கடை போட்டுக் கொடுத்தேன். அதற்கு முன் பத்து வருடம் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தேன். பாய் கம்பெனிகளுக்கு ஷூ தைத்துக் கொடுத்தவர். ஆர்டர் நின்றுபோனதும், ஆண்கள் ஷூ தைத்து நேரடியாகக் கம்ப்யூட்டரில் விற்கலாம் என்று இறங்கினார். அவரை நம்பி ஆறு பேர் வேலை செய்தார்கள். "ரம்ஜானுக்குள்ள ஓடலன்னா மெஷினை வித்துட்டு பெங்களூர்ல தம்பி வீட்டுக்குப் போய்டுவேன் மேடம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

எல்லாருக்கும் எட்டு

ஆண்கள் ஷூவுக்கு சாம்பிள் செய்தால் எங்கள் கம்பெனியில் எட்டாம் நம்பர்தான் செய்வோம். பத்து வருடப் பழக்கம், என் கை தானாகவே எட்டில் டிக் போட்டது. முதல் மாதம் வந்த ஆர்டரில் பாதிக்கு மேல் எட்டு. தமிழ்நாட்டு ஆண்களின் கால் இவ்வளவு ஒற்றுமையாக இருக்கிறதே என்று நானும் பாயும் சந்தோஷப்பட்டோம். அடுத்த மாதம் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவருக்கு போன் செய்து, சைஸை ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு உறுத்தியது. "எந்தக் கடைக்குப் போனாலும் காலைப் பாத்துட்டு அவங்களே எடுத்துத் தருவாங்கம்மா. உங்க கடையில காலைப் பாக்கவே ஆளில்லியே" என்றார்.

வெறும் கட்டம்

சரி, டிக்கே வேண்டாம், அவரவரே தேர்ந்தெடுக்கட்டும் என்று எல்லாக் கட்டத்தையும் காலியாக விட்டேன். சைஸ் சொல்லாமல் வாங்கப் போனால் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வரும், 'தேர்ந்தெடுக்கவும்.' ஜனங்கள் அதைப் பார்த்ததும் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று பயந்து ஓடினார்கள். பத்து நாளில் இரண்டே ஆர்டர். அதில் ஒன்று பாயின் மச்சான் போட்டது.

பாய் காலையில் வந்து, அடுக்கி வைத்த காலிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். "முன்னாடி தப்பான சைஸ்ல போன பொட்டியாவது திரும்பி வந்துச்சு மேடம். இப்ப இன்னா, எதுவுமே போவலியே."

ஒற்றை

இதற்குள் வெளியூர் கடைக்காரர்கள் சிலர் சாம்பிள் கேட்டார்கள். எங்கள் பக்கம் சாம்பிளை ஜோடியாக அனுப்பமாட்டார்கள், வலது கால் ஷூ மட்டும்தான் போகும். ஜோடியாக அனுப்பினால் போகிற வழியில் யாராவது மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களுக்காக 'சாம்பிள், ஒற்றை' என்றும், மற்றவர்களுக்கு 'ஜோடி' என்றும் ஒரு கட்டம் சேர்த்தேன். சைஸுக்குப் பக்கத்தில் காலை அளக்கும் படமும் போட்டேன். ஆர்டர் சூடு பிடித்தது. பாய் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

எங்கள் ஊரில் எந்த வியாபாரமும் சாம்பிளில்தான் தொடங்கும் என்பதால் ஒற்றையை முதலில் எழுதியிருந்தேன். இந்தப் புதுக் கட்டத்தை மட்டும் காலியாக விட மறந்ததால், முதலில் இருப்பதை மென்பொருள் டீஃபால்ட்டாக எடுத்துக்கொண்டது. விலை பாதியாகத் தெரிந்ததைத் தள்ளுபடி என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் முழுக்க, காசு கட்டினவர்களுக்கெல்லாம் ஒற்றை ஷூ போயிருக்கிறது. திருடன், மோசடிக்காரன் என்று பாய்க்கு வந்த போன்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒவ்வொரு போனுக்கும் அந்த மனிதரே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டி கட்டிய மும்தாஜ் அக்காவிடம், ஒரு ஷூ மட்டும் போகிறதே என்று சந்தேகமே வரவில்லையா என்று கேட்டேன். அவரும் பழைய சாம்பிள் ரூம்காரர். "இருவது வருசமா ஒத்தையாத்தான கட்றேன். ஜோடியா கட்டுனாதான் எனக்கு சந்தேகம் வரும்."

திரும்பி வந்த இடது கால்

அன்றே அந்தக் கட்டத்தை அடியோடு தூக்கினேன். எல்லாருக்கும் இடது கால் ஷூவைத் தைத்து, மன்னிப்புக் கடிதத்தோடு இலவசமாக அனுப்பினோம். கையிலிருந்த தோல் அதோடு தீர்ந்தது. ரம்ஜானுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பாய் விற்றுவிட்ட மெஷின்களை ஏற்ற லாரி வந்தது. மும்தாஜ் அக்கா ஒவ்வொரு மெஷினையும் துணியால் துடைத்து ஏற்றிவிட்டார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அதற்கு மறுநாள் சோளிங்கரிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. உள்ளே நாங்கள் அனுப்பிய இடது கால் ஷூ, புதுக் கருக்கு அழியாமல். இன்னொரு புகார் என்று நினைத்துத்தான் போன் செய்தேன். பேசியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். விபத்தில் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். "எந்தக் கடைக்குப் போனாலும் காலைக் காட்டி கதை சொல்லணும் மேடம். கடைசில ஜோடியா வாங்கி ஒண்ணைத் தூக்கிப் போடுவேன். உங்க கடையில சைஸைத் தவிர எதையும் மாத்தல, யாருகிட்டயும் எதையும் சொல்லல. எனக்கு வேண்டியது அதுவாவே டிக் ஆகி இருந்துச்சு" என்றார். அதே மாதிரி கறுப்பில் ஒன்று வாங்கலாம் என்று தேடினாராம், அந்தக் கட்டத்தைக் காணோமாம்.

கட்டத்தை எடுத்தது நான்தான் என்றும், கடையே மூடியாயிற்று என்றும் சொன்னேன். "பரவால்ல மேடம். பழையபடி ஜோடியாவே வாங்கிக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

இத்தனை வருடத்தில் ஒரே ஒரு மனிதருக்கு நான் சரியான இடத்தில் டிக் போட்டிருந்தேன், அதையும் திருத்துகிறேன் என்று நானே எடுத்துவிட்டேன்.