லேமினேட் செய்யாத சாட்சி

மூன்று வருடங்களுக்கு முன்னால், மழை ஓய்ந்து மார்கழி பிறந்திருந்த சமயம். திருவொற்றியூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்து வீட்டில் நடந்தது இது. யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் எங்கள் பகுதியில் பாதிப் பேருக்கு ஆள் தெரிந்துவிடும், மீதிப் பாதிக்கு அவர்களே போய்ச் சொல்லிவிடுவார்கள்.

நான் மார்க்கெட் பக்கத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் நகல் எடுப்பது, பள்ளிச் சான்றிதழுக்கு லேமினேஷன் போடுவது, இதுதான் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவேன். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய் நலம் விசாரித்து, ஜெபம் செய்து, இயேசுவைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு வருவோம். மற்றவர்கள் நன்றாகப் பேசுவார்கள், பாடுவார்கள். எனக்கு இரண்டும் வராது. வாயைத் திறந்தால் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் என்னிடம் லேமினேஷன் மிஷின் இருந்தது.

அதனால் நான் கார்டு செய்ய ஆரம்பித்தேன். ஒரு பக்கம் பிரபலமான ஒருவரின் படம், மறுபக்கம் அவருடைய விசுவாசத்தைப் பற்றி நாலு வரி. ஒரு கிரிக்கெட் வீரர், ஒரு விஞ்ஞானி, ஒரு வெளிநாட்டு ஜனாதிபதி, ஒரு பாடகி. ஜெராக்ஸ் கடைக்காரி சொன்னால் யார் கேட்பார்கள்? உலகமே அறிந்தவர்கள் சொன்னால் கேட்பார்கள் அல்லவா? என் கணக்கு அதுதான். கார்டை எல்லோரும் ஆசையாகத்தான் வாங்கினார்கள். பிள்ளைகள் கிரிக்கெட் வீரரை பீரோவில் ஒட்டி வைத்தார்கள். ஒரு வீட்டில் ஜனாதிபதி பால் சொம்புக்கு மூடியாக இருந்தார். அதைப் பார்த்து எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

கீழ்த்தளத்து அண்ணன் மட்டும்தான் கார்டைத் திருப்பிப் படிப்பவர். ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவர், வாலிபத்தில் அந்தப் பக்கத்து மைதானங்களில் கால்பந்து ஆடிப் பேர் வாங்கியவர். சாமி கும்பிடுவதெல்லாம் அவர் மனைவி பொறுப்பு. அவருக்குத் தெரிந்த ஒரே வழிபாடு டிவியில் ஓடும் மேட்ச். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, காலை ஒரு ஸ்டூலின் மேல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சர்க்கரை வியாதி. இடது காலில் ஒரு விரலை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது.

என்னைப் பார்த்ததும் அவரே கூப்பிடுவார். "இன்னா சிஸ்டரு, இன்னிக்கி யார இட்டாந்துகீற?"

கோல் போட்டதும் வானத்தைப் பார்த்துக் கையைத் தூக்கும் ஒரு வெளிநாட்டு வீரரின் கார்டைக் கொடுத்தபோது வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஷோக்கா கீது. இவன் காலு இன்னா காலு தெரியுமா? ஆனா ஒண்ணு சிஸ்டரு. இவ்ளோ பெரிய ஆளுங்களயே உங்க ஆண்டவரு பாத்துகினு இருந்தா, நம்ம பிளாக் பக்கம் வர்றதுக்கு அவருக்கு எங்க டைமு?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்போடு சிரிப்பாக அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டேன்.

அந்த மார்கழியில் அவர் கால் புண் கறுக்கத் தொடங்கியது. பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டார். மகள் வந்து அழுதாள். ஹார்பர் நண்பர்கள் வந்து திட்டிப் பார்த்தார்கள். எதற்கும் மசியவில்லை.

அண்ணி என் கடைக்கே வந்துவிட்டார். அன்று காலையில்தான் அம்மன் கோயிலுக்குப் போய் வந்திருக்கிறார், நெற்றியில் குங்குமம் ஈரம் காயாமல் இருந்தது. கல்லாவைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னா கேப்பாரும்மா. உன்னாண்டதான் சிரிச்சிப் பேசறாரு. உங்க சாமியோ எங்க சாமியோ, யார் பேரச் சொன்னாலும் பரவால்ல, அந்த ஆள எப்டியாச்சும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடு" என்றார். எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை பெரிய காரியத்தை என்னை நம்பிக் கேட்கிறாரே என்று பெருமையாகவும் இருந்தது, அதையும் மறைக்க முடியாது.

அந்தச் சனிக்கிழமை நான் தனியாகவே போனேன். நோயிலிருந்து மீண்டுவந்த பாடகியின் கார்டை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் வாங்கிப் படித்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். அன்று சிரிக்கவில்லை.

"சிஸ்டரு, நீ இட்டாந்த ஆளுங்க அல்லாருமே ஜெயிச்ச பார்ட்டிங்க. வேண்டிக்கினாங்கோ, கெடச்சிச்சி. கெடச்சவன் கும்புடறது இன்னா பெரிய விசயம்? வேண்டிக்கினும் ஒண்ணியும் கெடைக்காதவன், பறிகுடுத்துட்டு நிக்கறவன், அப்பறமும் உக்காந்து கும்புடறான்னா அவன இட்டா. அப்டி ஒருத்தன் இருந்தா நானு கால குடுத்துர்றேன். கால குடுத்துட்டும் மனுசன் இருக்க முடியும்னு நம்பறேன்."

அடுத்த சனிக்கிழமை வரைக்கும் எனக்குத் தவணை கொடுத்தார்.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருவொற்றியூருக்கு வருவதற்கு முன் நாங்கள் எண்ணூர்ப் பக்கம் குடியிருந்தோம். எனக்கு இப்போது ஒரு மகன் இருக்கிறான், எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு முன்னால் ஒரு மகள் இருந்தாள் என்பது இங்கே யாருக்கும் தெரியாது. யூகேஜி படிக்கும்போது காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. நான் சாப்பிடாமல் ஜெபித்தேன். அங்கிருந்த சபையே உபவாசம் இருந்தது. பிள்ளை பிழைத்துவிடும் என்று தரிசனம் கண்டதாகச் சொன்னவர்கள்கூட உண்டு. அவள் போய்விட்டாள். அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் என் வீட்டுக்காரருக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, வழக்கமாக ஜெபிக்கும் மூலையில் போய் உட்கார்ந்தேன். கேட்பதற்கு எதுவும் இல்லை. திட்டுவதற்கும் தெம்பில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். தனியாக உட்கார்ந்திருப்பதாக மட்டும் தோன்றவில்லை. அதற்கு மேல் அதைச் சொல்ல எனக்குத் தெரியாது. அடுத்த நாளும் போய் உட்கார்ந்தேன். இன்று வரைக்கும் உட்காருகிறேன்.

அண்ணன் கேட்ட ஆள் அவர் எதிரிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் அது எனக்குச் சாட்சியாகவே தோன்றவில்லை என்பதுதான் உண்மை. எங்கள் சபையில் ஆராதனைக்கு நடுவே சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. வேலை கிடைத்தவர், கட்டி கரைந்தவர், கல்யாணம் கூடிவந்தவர் என்று ஒவ்வொருவராக எழுந்து மைக்கைப் பிடித்துச் சொல்வார்கள். சொல்லி முடித்ததும் எல்லோரும் சேர்ந்து 'அல்லேலூயா' என்போம். ஜெபித்தும் கிடைக்காதவர்கள் எழுந்திருப்பதில்லை. எழுந்திருக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. காலப்போக்கில் அப்படியே ஆகிவிட்டது. இப்படிப்பட்ட சபைகளிலேயே வளர்ந்தவளுக்கு, பிள்ளையைப் பறிகொடுத்த கதை மறைக்க வேண்டிய கதையாகத்தான் பட்டது.

அதனால் அந்த வாரம் முழுக்க ஃபோனைக் குடைந்தேன். கடையில் ஆள் நிற்பதுகூடத் தெரியாமல் தேடினேன். தோற்ற பிரபலம் வேண்டும். யோசித்துப் பாருங்கள், தோற்றவர் எப்படிப் பிரபலமாவார்? கடைசியில் விபத்தில் காலை இழந்த ஒரு வெளிநாட்டு ஓட்டக்காரர் கிடைத்தார். விசுவாசம் உள்ளவர். செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு ஓடுகிறவர். எனக்காகவே செய்துவைத்த மாதிரி இருந்தது. நல்ல தாளில் கலர் பிரிண்ட் எடுத்து, மிஷின் நன்றாகச் சூடாகும் வரை காத்திருந்து, ஒரு குமிழிகூட விழாமல் லேமினேட் செய்தேன்.

சனிக்கிழமை அண்ணன் உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். அறையில் ஊதுபத்தி வாசனையையும் மீறிப் புண்ணின் வாடை அடித்தது. கார்டை அவரே கையை நீட்டி வாங்கிக்கொண்டார். திருப்பிப் பார்த்தார். ஓட்டக்காரர் கழுத்தில் மெடல் தொங்கிக்கொண்டிருந்தது.

"இவனும் ஜெயிச்சிட்டாம்மா" என்றார். அவ்வளவுதான். கேலி இல்லை, கோபம் இல்லை. பஸ்ஸுக்கு நின்று, வந்தது வேறு நம்பர் பஸ் என்று தெரிந்தவர் குரல் மாதிரி இருந்தது.

அப்போது என் மகள் நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டாள். 'அண்ணே, எனக்கு ஒரு பொண்ணு இருந்தா' என்று ஆரம்பித்தால் போதும், மீதி தானாக வந்திருக்கும். வாயைத் திறந்தேன். 'அவ்வளவு கேட்டும் உன் பிள்ளையக் காப்பாத்தாத சாமிய எனக்கு இன்னாத்துக்குக் காட்ற?' என்று அவர் கேட்டுவிட்டால்? கடவுளுக்குத் தலைக்குனிவு வரக்கூடாது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அப்போது அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். கடவுளின் மானத்தைக் காப்பாற்றுகிற வேலையை எனக்கு யார் கொடுத்தார்கள்?

அண்ணன் என் முகத்தையே பார்த்தார். நான் ஏதோ சொல்ல வருவது அவருக்குத் தெரிந்திருக்கிறது. "சொல்லு சிஸ்டரு" என்றார். அடுத்த வாரம் இன்னொருவரைக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடி ஒரு ஜெபம் செய்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் எனக்குக் கிடைக்கவில்லை. புதன்கிழமை காய்ச்சல் ஏறி நினைவு தப்பி, ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். காலை எடுத்தார்கள். அதற்குள் விஷம் உடம்பு முழுக்க ஏறிவிட்டது. வியாழக்கிழமை மதியம் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஹார்பர் ஆட்கள், பழைய கால்பந்து ஆட்கள் என்று தெரு நிறைய ஜனம். யாரோ மாலையோடு ஒரு பந்தையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். நான் கூட்டத்தின் பின்னால் நின்று அழுதேன்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அண்ணியைப் பார்க்கப் போனேன். வாசலில் அந்த பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. உள்ளே நானும் அவரும் மட்டும். டீ கொடுத்தார். அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே என் மகளைப் பற்றிச் சொன்னேன். காய்ச்சல், உபவாசம், அடக்கம், மறுநாள் காலை, எல்லாம் சொன்னேன். இத்தனை வருடம் பூட்டி வைத்திருந்தது, டீ ஆறுவதற்குள் சொல்லி முடிந்துவிட்டது.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என் மகளுக்காக அழுதார். பேர் இன்னா, யார் ஜாடை என்றெல்லாம் கேட்டார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏம்மா, இத்த அவுராண்ட சொல்லிருந்தா..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்தார். பாதியிலேயே நிறுத்திக்கொண்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குள் போய்விட்டார்.

சொல்லியிருந்தால் போயிருப்பாரா? தெரியாது. போயிருந்தால் பிழைத்திருப்பாரா? அதுவும் தெரியாது. அவர் கேட்டதைக் கையில் வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்லி அனுப்பினேன் என்பது மட்டும் தெரியும்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன். என் வீட்டுக்காரர் ஆண்கள் பக்கத்திலிருந்து திடுக்கிட்டுப் பார்த்தார். மைக்கைப் பிடித்து, மகளைக் கேட்டேன், கிடைக்கவில்லை, இருந்தும் தினமும் உட்காருகிறேன் என்று சொன்னேன். கீழ்த்தளத்து அண்ணனைப் பற்றியும் சொன்னேன். முடித்ததும் எங்கே அல்லேலூயா சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. போதகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில், எப்போதும் கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். கத்திவாக்கத்திலிருந்து வருகிறவள், அதுவரை என்னிடம் பேசியதே இல்லை. "எனக்கும் ஒண்ணு போச்சுக்கா" என்றாள். இருவரும் பஸ் ஸ்டாப் வரைக்கும் பேசிக்கொண்டே நடந்தோம்.

இப்போதும் கடையில் லேமினேஷன் போடுகிறேன், ஆனால் பிரபலங்களின் கார்டு செய்வதில்லை; சனிக்கிழமைகளில் வெறுங்கையோடுதான் போகிறேன், கீழ்த்தளத்து வாசலைத் தாண்டும்போதெல்லாம் "சொல்லு சிஸ்டரு" என்ற அந்தக் குரலுக்குக் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன்.