கிள்ளான் கமலா அக்காவின் சொட்டு மருந்து நேரலை

சனிக்கிழமை மதியம் பிரிக்பீல்ட்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ரசிகர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி வந்தது: "கமலா அக்கா தவறிட்டாங்க. ஹார்ட்." சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. முந்தின நாள்கூட நேரலையில் யாரையோ கலாய்த்துக்கொண்டிருந்தாரே!

அவரைப் பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும். மாலையானால் கிள்ளானில் தம் சமையலறையிலிருந்து நேரலைக்கு வந்துவிடுவார். கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய் அவருடைய இடது கண்ணின் பார்வையைப் பறித்துவிட்டது. மிஞ்சிய கண்ணில் சொட்டு விட்டபடி, "எடுங்க போத்தலை, தலையை நிமித்துங்க" என்பார். பார்க்கிற நோயாளிகளும் கூடவே விடுவார்கள். நான் நோயாளி இல்லை, வெறித்தனமான ரசிகன். நோய் அப்பாவுக்கு. "வலிச்சா மறப்பீங்களா? வலிக்காத நோய்க்குத்தான் நம்ம சோம்பேறித்தனம் ரொம்பப் புடிக்கும்" என்று அக்கா சொன்னது ரொம்ப நாள் என் போன் வால்பேப்பராக இருந்தது.

அப்பா ஷா ஆலமில் லோரி ஓட்டுகிறார். அவருக்கு ஓரப் பார்வை குறைந்துகொண்டே போனது. ஆனால் ஒவ்வொரு செக்கப்பிலும் கண் அழுத்தம் சரியாகவே இருந்தது. டாக்டருக்குப் புரியவில்லை, ஆபரேஷன் வரை பேச்சு வந்துவிட்டது. ஒரு நாள் அப்பாவையே நேரலையில் பேச வைத்தேன்.

"அண்ணே, அடுத்த செக்கப் எப்போ?"

"நாளைக்கு லா."

"எப்பலேர்ந்து சொட்டு விடுறீங்க?"

அப்பா தயங்கினார். "நேத்துலேர்ந்து."

"அதானே பார்த்தேன்! பரீட்சைக்கு முத நாள் மட்டும் படிக்கிற ஆளா நீங்க? மிஷின் பாஸ் போட்டுடும் அண்ணே, கண்ணு போடாது."

எனக்குச் சிரிப்பு, அப்பாவுக்குக் கோபம். அப்போது அக்கா குரலைத் தாழ்த்தினார். "சரி, ஏன் விட முடியல?"

"விட்டா கண்ணு செவந்துடுது. லோரிக்காரன் கண்ணு செவந்து நின்னா, குடிச்சிருக்கான்னு நினைக்கிறாரு முதலாளி."

இந்தக் காரணத்தை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதே இல்லை.

"இதை அப்படியே டாக்டர்கிட்ட சொல்லுங்க. திட்டினா என் பேரைச் சொல்லிடுங்க."

மறுநாள் சொன்னார். டாக்டர் திட்டவில்லை, மருந்தை மாற்றிக் கொடுத்தார். ஆபரேஷன் பேச்சு நின்றது. அப்பா இன்றும் லோரி ஓட்டுகிறார்.

இறுதிச் சடங்கு முடிந்து கிள்ளானிலிருந்து வீடு திரும்பியதும், அப்பா தானாகவே சொன்னார்.

"இன்னிக்கு சொட்டு விடல டா."

"ஏன்ப்பா?"

"மனசே வரல."

நான் போத்தலை எடுத்தேன். அவர் தலையை நிமிர்த்தினார். விட்டதும் கண்ணை மூடி, மருந்து மூக்குக்குள் இறங்கிவிடாமல் மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொண்டார்.

"கொஞ்ச நேரம் அவங்களப் பத்தி பேசாத லா. அழுதா மருந்து வெளிய வந்துடும்."

கமலா அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: சொட்டு விடாத நாளில், விடவில்லை என்று என்னிடம் சொல்கிற அப்பா.